குளிர் தாங்கும் மரத்துக்குக் குளிர் வேண்டும்

"பனியிலேயே பிழைக்கிற மரம் நம்ம ஊர் வெயிலில் பிழைக்காதா?" மலேசியாவின் மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போடும் நம்மவர்களிடையே இந்தக் கேள்வி இப்போது ஒரு முடிவாகவே நிலைத்துவிட்டது. கடுங்குளிர் நாடுகளுக்கென்று உருவாக்கிய பேரி ரகங்களின் கன்றும் விதையும் கைப்பேசி வழியே விற்பனைக்கு வருகின்றன. தொட்டியில் நிற்கும் இடுப்புயர மரத்தில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும் படமும் கூடவே வருகிறது. உறைபனியைத் தாங்கும், எந்த மண்ணிலும் வரும், பராமரிப்புக் குறைவு என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்து வளர்த்த கைகள் அவை. கவனமாகப் பார்த்துக்கொண்டால் எதுவும் வளரும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள், அதே நம்பிக்கையைப் பேரி மரத்தின் மீதும் வைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். அதற்குள் மூன்று எண்ணங்கள் இருக்கின்றன. குளிரைத் தாங்கும் மரம் எதையும் தாங்கும் என்பது முதலாவது. தட்பவெப்பத்தில் உள்ள குறையைக் கைப்பக்குவத்தால் ஈடுகட்டலாம் என்பது இரண்டாவது. பொழுதுபோக்குக்குத்தானே வைக்கிறோம், காய்க்காவிட்டால் என்ன நட்டம் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. மூன்றாவதுதான் நமக்கு அதிகக் கேடு செய்வது.

முதலில் குளிர் தாங்கும் திறன் என்றால் என்ன என்று பார்ப்போம். வடகிழக்குச் சீனாவிலும் கொரியாவிலும் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் இயற்கையாக வளரும் உசூரி பேரி, மைனஸ் 40 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரிலும் சாகாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட சம்மர்கிரிஸ்ப், கனடாவின் சமவெளி மாநிலங்களில் நடப்படும் யூர் ஆகியவையும் கடுங்குளிருக்குப் பேர்போன ரகங்கள். ஆனால் இந்த மரங்கள் ஆண்டு முழுவதும் அந்த வலிமையோடு நிற்பதில்லை. இலையுதிர் காலத்தில் குளிர் படிப்படியாக இறங்க இறங்க மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது, இலையை உதிர்க்கிறது, மொட்டுகளை இறுக்கி மூடுகிறது. திசுக்களில் சர்க்கரை கூடுகிறது. உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் குறைகிறது. உள்ளே பனிக்கட்டி கட்டி உயிரணு கிழிந்துபோகாதபடி மரம் தன்னையே மாற்றிக்கொள்கிறது. இந்த ஆயத்தம் முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 30 பாகையைத் தாங்கிய அதே மரம், வசந்தத்தில் பூத்து நிற்கும்போது ஓர் இரவு மைனஸ் 4 பாகைக்கு இறங்கினால் பூக்களில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

ஆக, குளிர் தாங்குவது மரத்தின் பிறவிப் பலம் அன்று. பருவம் வந்து எழுப்பினால்தான் அது எழும். பருவமே இல்லாத ஊரில் அந்தத் திறனுக்கு வேலையும் இல்லை, பயனும் இல்லை. மைனஸ் முப்பதைத் தாங்குவதால் முப்பத்திரண்டையும் தாங்கும் என்று கணக்குப் போடுவது, மரத்தின் இயல்பைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. கடுங்குளிரைத் தாங்கும் அந்தக் குணமே, அந்த மரம் குளிரை எதிர்பார்த்துப் பிறந்தது என்பதற்கு அடையாளம்.

இந்த எதிர்பார்ப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். பேரியும் ஆப்பிளும் குளிர்காலத்தில் ஓர் ஆழ்ந்த ஓய்வுக்குள் போகின்றன. அந்த ஓய்வு முடிந்தால்தான் மொட்டுகள் ஒரே சீராக விரியும், பூக்கும், காய்க்கும். ஓய்வை முடித்துவைப்பது வெயில் அன்று, குளிர். 7.2 பாகைக்குக் கீழே எத்தனை மணி நேரம் மரம் இருந்தது என்று கூட்டிப் பார்ப்பது பழைய கணக்கு முறை. பெரும்பாலான ஐரோப்பியப் பேரி ரகங்களுக்கு எண்ணூறு, ஆயிரம் மணி நேரம் என்ற அளவில் அந்தக் குளிர் தேவைப்படுகிறது. 1974இல் யூட்டா மாநிலத்து ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு இன்னும் கண்டிப்பானது. அதன்படி 16 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால், அதுவரை சேர்ந்த குளிரும் குறையத் தொடங்குகிறது. 2005இல் நார்வேயின் ஓலா ஹெய்டேயும் அவருடைய சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு, பேரியையும் ஆப்பிளையும் ஓய்வுக்குள் அனுப்புவதே குறைந்த வெப்பநிலைதான், பகல் நீளம் அன்று என்று காட்டியது. அதாவது, இந்த மரத்துக்கு உறங்கப் போகவும் குளிர் வேண்டும். உறங்கி எழவும் குளிர் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். புலாவ் செபாங் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் இரண்டரைப் பாகையில், கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பகலில் 31, 32 பாகை. விடியற்காலையில் 23, 24. தொடர்மழை அடைத்துப் பெய்யும் நாள்களில் சற்றே இறங்கும், அவ்வளவுதான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இருபது நிமிட வேறுபாடுகூட இல்லை. யூட்டா கணக்கின்படி பார்த்தால், இங்கே ஒவ்வொரு மணி நேரமும் பேரி மரத்துக்குக் கழித்தல் கணக்கு.

மலைக்குப் போனால் ஆகுமா? நமக்கு அருகிலுள்ள பெரிய மலை லேடாங்; உயரம் 1,276 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று கொண்டால், உச்சியிலும் விடியல் வெப்பம் 16 பாகையை ஒட்டியே நிற்கும். சரி, கேமரன் மலை? மலேசிய வானிலைத் துறையின் நிலையங்கள் பதிவு செய்தவற்றில் மிகக் குறைந்த வெப்பநிலை அங்கேதான், 1978 பிப்ரவரி 1 அன்று. அது 7.8 பாகை. பழைய கணக்கு முறையின் எல்லைக்கோடான 7.2 பாகையை, இந்நாட்டு வானிலை நிலையங்களின் ஆகக் குளிர்ந்த இரவுகூடத் தொடவில்லை. கேமரன் மலையில் தேயிலை உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு. பேரி அங்கே ஒரு விவசாயத் தொழிலாக வளரவில்லை. அங்கே வேரூன்றாத பயிரை, அதைவிட எட்டுப் பத்துப் பாகை சூடான தாழ்நிலத்தில், வாசல் தொட்டியில் எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

"என் வீட்டில் முளைத்திருக்கிறதே" என்பார்கள். முளைக்கும், நானும் அண்டை வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய பழத்தின் விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் சில வேளை வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். இதற்குக் காரணம் நம் கைராசி அன்று. பேரி விதைக்கு முளைக்கும் முன் இரண்டு மூன்று மாதம் ஈரக் குளிர் வேண்டும். சீனாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வரும் பழங்கள் மாதக்கணக்கில் சுழிப் பாகையை ஒட்டிய குளிர்க் கிடங்கிலும் கப்பலின் குளிர்ப் பெட்டியிலும் இருந்துவிட்டு வருகின்றன. விதைக்கு வேண்டிய குளிர் பழத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அந்த விதை ஒரு குளிர்காலத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மரத்துக்கு வேண்டிய குளிர்காலத்தைக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. முளைத்த கன்று இலை விடும், ஓரளவு உயரும், பிறகு கிளைகளின் நுனியில் மட்டும் இலையோடு மெலிந்து நிற்கும். தப்பித் தவறிப் பூத்தாலும் பேரிக்குத் தன் மகரந்தம் பெரும்பாலும் உதவாது. அதே நாள்களில் பூக்கும் வேறொரு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதையிலிருந்து வரும் பேரி தாய்ப்பழத்தைப் போல இருக்காது. அதற்கு உரிய நாட்டிலேயே விதைக்கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுக்கு மேலும் ஆகும்.

பச்சை இலையைக் காட்டி, மரம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போதாது. பழ மரத்தை நாம் வைப்பது பழத்துக்கு.

இரண்டாவது எண்ணம், கைப்பக்குவம். தொட்டியின் தூரில் பனிக்கட்டியைக் கொட்டுவது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, இரவில் குளிர்சாதன அறைக்குள் தூக்கி வைப்பது என்று பல வழிகள் பேசப்படுகின்றன. குளிரை உணர வேண்டியது வேர் அன்று, மொட்டு. இதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கண்முன் காட்டியிருக்கிறார். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் வெர்னன் கோவிள், வெப்பமூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு புளூபெரிச் செடியை வைத்து, அதன் ஒரு கிளையை மட்டும் வெளியே குளிர்காலத்துக்குள் நீட்டிவிட்டார். வசந்தத்தில் வெளியே இருந்த கிளை மட்டும் துளிர்த்தது. உள்ளே இருந்த கிளைகள் மொட்டையாகவே நின்றன. வேர் ஒன்றுதான், செடி ஒன்றுதான். அந்த ஆய்வு 1920இல் வெளிவந்தது. பேரியின் மொட்டும் இதே விதிக்கு உட்பட்டது. அரை மணியில் உருகிப்போகும் பனிக்கட்டி தூரை நனைக்கும், வேரை வருத்தும், மொட்டுக்கு எதுவும் சொல்லாது. குளிர்சாதன அறை 20 பாகை, அதுவும் பயன்படாது. எண்ணூறு மணி நேரம் என்றால் இரவு பகலாக முப்பத்து மூன்று நாள். ஒரு மரத்தை அத்தனை நாள் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் செலவில் பேரியைச் சந்தையிலேயே வாங்கித் தின்னலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதைவிட நல்லது. "இந்தோனேசியாவில் ஆப்பிள் காய்க்கிறதே?" காய்க்கிறது. கிழக்கு ஜாவாவின் பத்து, மாலாங் பகுதியில் டச்சுக்காரர் காலத்தில் வந்த ஆப்பிள் வேரூன்றியது. அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்த ஓய்வுக்குள் போவதற்கு முன்பே மொட்டை எழுப்பிவிடும் உத்தி இது. ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் காய்க்க வைக்கிறார்கள். வியந்து பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் அது நடப்பது எழுநூறு முதல் ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், எரிமலை மண்ணில், தெளிவான வறண்ட பருவம் உள்ள ஊரில். ரகங்களும் அங்கே தேறிவந்த மனாலாகி, ரோம் பியூட்டி, அன்னா போன்ற ஆப்பிள்கள். கடுங்குளிர்ப் பேரிகள் அல்ல. அப்படியிருந்தும், மலை சூடேறுவதாலும் செலவு கூடுவதாலும் அங்குள்ள ஆப்பிள் தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. ஜாவா விவசாயி கைவிடத் தொடங்கிய இடத்தில் நாம் தொடங்குவது துணிச்சல் ஆகாது.

தைவான் இன்னும் தெளிவான பாடம். அத்தீவின் தாழ்நிலத்தில், தைச்சுங் அருகே தோங்ஷி பகுதியில், உயர்ந்த ரகப் பேரி விளைகிறது. எப்படி? 1970களில் அங்குள்ள விவசாயிகள் ஒரு வழி கண்டார்கள். சூட்டைத் தாங்கும் உள்ளூர்ப் பேரி மரத்தின் கிளைகளில், உயர்மலையில் குளிர்பட்ட பூமொட்டுகளை ஆண்டுதோறும் ஒட்டுக்கட்டுகிறார்கள். ஜப்பானிலிருந்தும் மொட்டுக் குச்சிகளை இறக்குமதி செய்கிறார்கள். பழம் பறித்த பின் அந்த மொட்டின் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டு மறுபடி புது மொட்டு, மறுபடி ஒட்டு. உலகின் தேர்ந்த பேரி விவசாயிகள், குளிர் இல்லாமல் பேரி இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, குளிரை மொட்டோடு சுமந்து வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடிக்காத குறுக்குவழி ஒரு விற்பனைப் படத்தின் கீழ் எழுதிய வரியில் இருக்க முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு ஏற்ற ஹூட், ஃபுளோர்டாஹோம் போன்ற குறைந்த குளிர் ரகங்களையும் சிலர் சுட்டுவார்கள். அவற்றுக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர் வேண்டும். ஃபுளோரிடாவில் ஜனவரி என்றால் குளிர்காலம்; நமக்கு ஜனவரி என்றால் மழை ஓய்ந்த வெயில்.

வரலாற்றைக் கொண்டு வாதாடுகிறவர்களும் உண்டு. "ரப்பர் பிரேசில்காரன் மரம். செம்பனை ஆப்பிரிக்க மரம். பப்பாளியும் அன்னாசியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இவை எல்லாம் இங்கே வந்து வாழவில்லையா?" மலாக்காவில் நின்று கேட்க உரிமையுள்ள கேள்வி இது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதையின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் டான் சே யான் என்பவர் நம் மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டார். நம் தாத்தா பாட்டிமார் பால்வெட்டிய வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. ஆனால் அமேசான் காடு எங்கே இருக்கிறது? நிலநடுக்கோட்டின் மேல். அதே வெயில், அதே மழை, அதே ஈரம். மேற்கு ஆப்பிரிக்கச் செம்பனைக்கும் மெக்சிகோவின் சிக்குவுக்கும் (சப்போட்டா) இதே கணக்கு. கடல் கடந்து வந்தாலும் அவை வெப்ப நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்கு வந்தவை. வெப்ப மண்டலத்தை விட்டு வெளியே வரவில்லை. ரப்பரின் கதை என் வாதத்துக்கே சாட்சி சொல்கிறது: பயிர் எவ்வளவு தூரம் வந்தது என்பது கேள்வி அன்று, எந்தத் தட்பவெப்பத்திலிருந்து எந்தத் தட்பவெப்பத்துக்கு வந்தது என்பதே கேள்வி.

ரப்பர் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் ரப்பரின் தாய்நாட்டிலேயே ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தைத் தோற்கடித்தது. அந்த நோய் இங்கே நுழைந்துவிடக் கூடாது என்ற அச்சம் நம் தாவரத் தடுப்புக் கட்டுப்பாடுகளின் பின்னால் இன்றும் நிற்கிறது. 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் கன்றுக்கும் விதைக்கும் அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். உறையில் மறைத்து அஞ்சலில் வரும் விதையும் குச்சியும் இந்தக் காவலைத் தாண்டி வருபவை. நோயும் பூச்சியும் எந்தச் செடியைச் சாக்காக வைத்து நுழையும் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத் தொழிலாளியின் வாரிசுகளான நாம் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர வேண்டும்.

எந்தப் பயிர் எங்கே வளரும் என்பதைத் தட்பவெப்பமே வகுக்கிறது என்பதற்குத் தமிழகத்தின் பழ வேளாண்மையும் அருமையான சாட்சி. நீலகிரியில் குன்னூரில் உள்ள பழப்பண்ணையில் பேரியும் பிளம்ஸும் வளர்க்கிறார்கள். உதகையின் தலைக்குந்தாப் புல்வெளி டிசம்பர், ஜனவரியில் உறைபனியால் வெளுக்கும். பேரிக்கு உரிய இடம் அது. அதே மலைச்சாலையில் இறங்கி வந்தால் பர்லியாறு, இன்னும் கீழே கல்லாறு. அங்கே அரசுப் பண்ணைகளில் வளர்பவை எவை? மங்குஸ்தீன், டுரியான், ரம்புத்தான். நம் வீட்டு மரங்கள்! பருவத்தில் அந்தப் பழங்களைத் தேடி மக்கள் மலையடிவாரத்துக்கு வருகிறார்கள். ஒரே மலையில், ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், மேலே பேரி, கீழே மங்குஸ்தீன் என்று பிரித்து வைத்தது எவருடைய விருப்பமும் அன்று. உயரமும் குளிரும் வகுத்தது. கல்லாற்றில் பேரி நட யாரும் துணிவதில்லை. கொடைக்கானல் பேரியை வத்தலக்குண்டில் நடுவதும் இல்லை. இலங்கையிலும் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் விளையும் பேரியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் நடுவதில்லை. எந்த நிலத்துக்கு எந்தப் பயிர் என்று அறிந்து நடுவது நம் உழவர்களின் பழைய அறிவு. கடல் தாண்டி வந்த நம் முன்னோர் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். லயத்து வீட்டுப் பின்புறம் அவர்கள் வைத்த முருங்கையும் வாழையும் தவறாமல் காய்த்தன.

இப்போது மூன்றாவது எண்ணத்துக்கு வருகிறேன். "பொழுதுபோக்குத்தானே, என்ன நட்டம்?" இந்தக் கேள்விக்குத்தான் நான் மனம் வருந்திப் பதில் சொல்கிறேன்.

நம் சமூகத்தின் கதையில் மண் எளிதாகக் கிடைத்த பொருள் அன்று. பல தலைமுறை ஆயிரமாயிரம் ஏக்கரில் உழைத்தார்கள். அதில் ஒரு பாத்திகூட அவர்கள் பெயருக்கு எழுதப்பட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, லயத்தோடு அந்தப் பின்வாசல் மரங்களும் போயின. இன்று வரிசை வீட்டின் முன்னோ பின்னோ கிடைத்திருக்கும் சில அடி மண், பலருக்கு வாழ்நாள் தவணையில் வாங்கிய முதல் சொந்த மண். அதில் பெரும்பாலும் ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கும். அந்த ஒரே இடத்தைக் காய்க்கவே முடியாத மரத்துக்குக் கொடுத்தால் நட்டம் பணம் மட்டும் இல்லை. ஐந்தாறு ஆண்டு போகிறது. அந்த ஆண்டுகளில் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பழம் பறித்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பார்கள், பூ எப்படிக் காயாகிறது என்று பார்த்திருப்பார்கள். அதற்குப் பதில், தண்ணீர் ஊற்றியும் எதுவும் வராத மரத்தை அவர்கள் பார்க்கிறார்கள். நமக்குத் தோட்டம் ஒத்துவராது என்ற முடிவுக்கும் வருகிறார்கள். தவறு அந்தப் பிள்ளைகளின் கையில் இல்லை. மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

இந்த ஆசையின் வேரையும் தொட வேண்டும். கோயில் அர்ச்சனைத் தட்டிலும், நோயாளியைப் பார்க்கப் போகும் பையிலும், விருந்தாளிக்கு நறுக்கி வைக்கும் தட்டிலும் பேரிக்கும் ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. வாசலில் காய்த்துத் தொங்கும் கொய்யாவுக்கு அது இல்லை. ஆனால் நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி இருநூறு மில்லிகிராமுக்கு மேல். நூறு கிராம் பேரியில் நான்கு மில்லிகிராம் அளவு. நோயாளிக்கு எதைக் கொண்டுபோவது சரி என்று இந்த எண்களே சொல்லும். பேரியைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நல்ல பழம் அது. வேறு ஊரில் விளைந்தது என்பதாலேயே நம் பழத்தைவிட மேலானது ஆகிவிடாது என்கிறேன்.

பேரியில் நாம் விரும்புவது என்ன? சாறு, மெல்லிய இனிப்பு, பல்லில் படும் மணல் போன்ற அந்த நறநறப்பு. நறநறப்பைத் தருவது பழச் சதைக்குள் இருக்கும் கல் உயிரணுக்கள். அதே கல் உயிரணுக்கள் சிக்குப் பழத்திலும் கொய்யாவிலும் இருக்கின்றன. நன்கு கனிந்த ஜந்தோங் ரகச் சிக்குவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நறுக்கித் தின்பவருக்குப் பேரியின் நினைவு வரும். இனிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஒட்டுக்கட்டிய சிக்குக் கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். சாறும் மொறுமொறுப்பும் வேண்டும் என்றால் நீர் ஜம்பு இருக்கிறது; பதியன் கன்று இரண்டு மூன்று ஆண்டில் பலன் தரும். காய் பிஞ்சாக இருக்கும்போதே பையோ காகிதமோ கட்டிவிட்டால் பழ ஈயிலிருந்து காப்பாற்றலாம். தொட்டிதான் இருக்கிறது என்றால் கொய்யாவும் கஸ்தூரி எலுமிச்சையும் தொட்டியிலேயே காய்க்கும். கவாத்து செய்து தலையைத் தாழ்த்தி வைத்தால் வரிசை வீட்டு வேலிக்குள்ளும் இவை அடங்கும். கைப்பக்குவம் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அதற்குப் பலன் தரும் மரங்கள் இவைதாம். தண்ணீரும் உரமும் கவாத்தும் இவற்றில் பழமாகத் திரும்பி வரும்.

குளிர் தாங்கும் பேரியை நட வேண்டிய தமிழர்களும் உலகில் இருக்கிறார்கள். டொராண்டோவிலும் வினிபெக்கிலும் ஓஸ்லோவிலும் வாழும் நம் உறவினர்களுக்கு இந்த ரகங்கள் வரம். அவர்களில் பலர் பனிக்காலம் தோறும் முருங்கைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றப் போராடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: உங்கள் ஊர் நாற்றுப் பண்ணையில் உசூரி வழி வந்த ஒரு பேரியையும், அதனோடு ஒரே வேளையில் பூக்கும் இன்னொரு ரகத்தையும் வாங்கி நடுங்கள். ஒட்டுக்கன்றாகப் பாருங்கள். தீக்கருகல் என்னும் நோய்க்கு எதிர்ப்புள்ள ரகமா என்று கேளுங்கள். வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத மண்ணில் வையுங்கள். உங்கள் குளிர்காலம் மரத்துக்குத் தன் வேலையைச் செய்யும்; சில ஆண்டில் பழம் வரும்.

புலாவ் செபாங், கடேக், தெபோங் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்வது வேறு. பேரி தின்ன ஆசை வந்தால் சந்தையில் வாங்குங்கள். குளிர்நாட்டு விவசாயி அதை நன்றாகவே விளைவித்து அனுப்புகிறார். அதன் கன்றுக்காக வெள்ளியைச் செலவிடாதீர்கள். அஞ்சலில் விதை வரவழைக்காதீர்கள். கன்று வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ஊர் தாழ்நிலத்தில், இதே ரகம் காய்த்து நிற்கும் மரம் எங்கே இருக்கிறது? நான் போய்ப் பார்க்கலாமா?" படத்தைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மரத்தைக் காட்டினால் வாங்குங்கள். நம் தமிழ்ப்பள்ளிகளின் தோட்டங்களிலும் இதே அளவுகோல் இருக்கட்டும். பிள்ளைகள் நடும் மரம் அவர்கள் பள்ளியை விட்டுப் போவதற்குள் காய்ப்பதாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், அந்த இடத்தை ஒரு சிக்குவுக்கோ ஜம்புவுக்கோ கொய்யாவுக்கோ கொடுங்கள்.